சுவரைப் பார்த்துக் கூட்டிய சுருதி

கிதாரின் பழைய கம்பிகளைக் கழற்றி, கட்டையைத் துடைத்து, ஆறு புதுக்கம்பிகளையும் மாட்டி முடிக்க அழகேசனுக்கு நாற்பது நிமிடம் போதும். சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எட்டாவது மாடியில் இருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வேலாயுதத்தின் கிதாரைக் கிடத்தி, அந்த வேலையைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். கழற்றிய கம்பிகளை வளையமாகச் சுருட்டினார். குப்பை அள்ளுகிறவர் கையில் குத்திவிடக் கூடாது என்று காகிதத்தில் பொதிந்து, சமையலறைச் சுவரில் இருந்த குப்பைக் குழாயைத் திறந்து உள்ளே விட்டார். எட்டு மாடி இறங்கி அது விழுந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. சாங்கி விமான நிலையத்தில் முப்பத்தோரு வருடம் விமானத்துக்குச் சரக்கு ஏற்றியதில் இடது காது போய்விட்டது. வலது காதும் பாதிதான்.

புதுக்கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து, தளர்ந்ததை மறுபடி முறுக்கி, கிதாரின் தலையில் சுருதி காட்டும் சின்ன மீட்டரைக் கவ்வவிட்டுப் பச்சை விளக்கு எரியும்வரை திருகினார். ஆறும் எல்லோரும் வைக்கிற சாதாரண சுருதிக்கு வந்து நின்றன. பிறகு கிதாரை இரண்டு கையாலும் ஏந்தி, வலது பக்கம் நீட்டி, "வேலா, ரெடி" என்றார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. வேலாயுதம் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பது புதிதல்ல. பதினெட்டு நாளாக அது அவரோடுதான் எழுந்து, அவரோடுதான் படுத்தது. அதற்கு அடுத்து வந்த நினைப்புதான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. அவர் கழற்றி எறிந்தது வெறும் பழைய கம்பியை அல்ல.

*

வேலாயுதம் கப்பல் பட்டறையில் வெல்டர். எழுபதுகளின் நடுவில், அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றிலிருந்து எண்ணெய்த் துரப்பண வேலைக்கு வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது, ஏழெட்டு இசைத்தட்டுகளையும் பழுப்பு நிறக் கிதார் ஒன்றையும் அவரிடம் விட்டுப்போனார். இரண்டு கிதார்கள் ஒன்றையொன்று துரத்த, பத்து நிமிடம் ஆனாலும் முடிய மனம் வராத பாட்டுகள். சதர்ன் ராக் என்றார்கள். இருபத்தோரு வயது வேலாயுதம் அதில் விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது அந்த இசையின் வழக்கம். வேலாயுதத்துக்குக் கிடைத்தது அம்மாவின் தைலக் குப்பி. அதைத்தான் சுண்டுவிரலில் மாட்டுவார். எத்தனை கழுவினாலும் வாசனை போகாது. அவருடைய குழுவான 'ரெட்ஹில் ரைடர்ஸ்' மேடைக்கு முன்வரிசையில் நின்றவர்களுக்கு ஜலதோஷமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

முன்வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அழகேசன். அவருக்கு ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. முதல் கச்சேரியில் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்க ஒரு கை குறைந்தது, அவர் தூக்கினார். அதன் பிறகு கடைசிக் கச்சேரிவரை தூக்கிக்கொண்டிருந்தார். நீள முடிக்காரர்களுக்குக் கடைசியில்தான் கவனிப்பு என்று அரசாங்க அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டிய காலம் அது. தோள்வரை முடி வைத்திருந்த வேலாயுதம் தபால் அலுவலகத்தில் வரிசையின் வாலுக்குத் தள்ளப்படும்போது, ஒட்ட வெட்டிய தலையோடு அழகேசனும் கூடவே வாலில் போய் நிற்பார். "நீ ஏன்டா இங்க நிக்கிற? உனக்குத்தான் முடியே இல்லையே!" என்பார் வேலாயுதம். "நின்னா என்ன இப்ப?" என்பார் அழகேசன். அவ்வளவுதான் அவருடைய ரசிகத்தனம். அதற்கு மேல் வாயால் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

பழுப்புக் கிதாரை வேலாயுதம் ஒரே ஒரு உருப்படிக்குத்தான் எடுப்பார். அவரே இசை கட்டிய உருப்படி அது. அதற்குப் பெயரும் வைக்கவில்லை. கச்சேரி முடிகிற நேரத்தில் கூட்டம் "கடைசி! கடைசி!" என்று கத்தும், அதுவே பெயராகிவிட்டது. அழகேசன் சாதாரண சுருதியில் கிதாரை நீட்டி, "வேலா, ரெடி" என்பார். வேலாயுதம் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். எந்தக் கம்பியை ஏற்றுகிறார், எதை இறக்குகிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு நிமிடமும் டிரம்மர் அங்கமுத்து ஏதாவது தட்டிச் சமாளிப்பார். வேலாயுதம் திரும்பி, விரல் வைக்காமலே ஒரு தடவை ஆறு கம்பியையும் வருடுவார். மழை விட்ட பின் கூரை சொட்டுவதுபோல ஒரு சத்தம். கூட்டம் அடங்கிவிடும்.

சின்ன வயதிலிருந்து அவர் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகிய அஹ்சன், ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார்: "அண்ணே, அந்தச் சுருதி என்னன்னு சொல்லுங்கண்ணே."

"கிதாருதான் இருக்குல்ல. நான் போனப்புறம் எடுத்துத் தட்டிப் பாத்துக்க, தெரிஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அழகேசனும் சிரித்தார்.

இப்போது மேசைமேல் அந்தக் கிதார் கிடந்தது. மீட்டரின் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கம்பி கிடைத்தாலும் அதில் சுருதி ஒட்டிக்கொண்டிருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் லிஃப்டில் இறங்கிப் போனார். கீழ்த்தளத்தில் குப்பைக் குழாயின் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. பங்களாதேஷ் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் காலித் தொட்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், என்ன தேடுறீங்க?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு அழகேசன் கொஞ்ச நேரம் நின்றார்.

*

மறுநாள் ஞாயிறு. லிட்டில் இந்தியாவில் டன்லப் தெருவில், துணிக்கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்த இசைப் பயிற்சி அறையை, வேலாயுதத்தின் நினைவுக் கூட்டத்துக்காக அஹ்சன் மூன்று மணிக்குப் பிடித்து வைத்திருந்தார். கீழே விடுமுறைக் கூட்டம் தோளோடு தோள் உரசி நகர்ந்தது. மேலே முப்பது முப்பத்தைந்து பேர். பாதிக்கு மேல் வழுக்கை. மீதி நரை. சிலர் பழைய ரைடர்ஸ் பனியனைத் தொப்பைமேல் இழுத்து மாட்டியிருந்தார்கள். மாலை போட்ட படத்துக்கு முன்னால் வேலாயுதத்தின் மகள் ரோஷினி அந்தத் தைலக் குப்பியை வைத்திருந்தாள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ரஞ்சன் என்பவர், தன் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வர நேரமாகிவிட, வேலாயுதம் கிதாரை ஆம்பில் செருகி வாசித்துச் சமாளித்ததைச் சொன்னார். "என் மாமனாரு அன்னிக்கு மொறச்ச மொறப்பு, செத்துப் போற வரைக்கும் மாறல லா!" சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரோஷினியும் பேசினாள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பட்டமளிப்பு அன்று தன் தொப்பியைக் கழற்றி அப்பா தலையில் வைத்தாளாம். பின்னால் கட்டியிருந்த குடுமி இடித்து அது நிற்கவே இல்லையாம். "முடிய வெட்டச் சொல்லி அரசாங்கம் சொல்லியே கேக்கல, ஒரு தொப்பிக்காகவா வெட்டப் போறேன்னு கேட்டாரு. ஆனா அந்தத் தொப்பிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டுத்தான் ஃபோட்டோவுக்கு நின்னாரு. நாலு பிளாக் தள்ளி இருக்கிற காப்பிக் கடைக்காரர் வரைக்கும் அந்த ஃபோட்டோவக் காட்டினாரு."

அழகேசன் கடைசி வரிசையில், கிதார்ப் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அஹ்சனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டார். 'கடைசி' பதிவாகியிருக்கிற ஒரே ஒலிநாடாவில் தேய்ந்த இரைச்சல்தான் அதிகம். கைபேசியில் யாரோ எடுத்த இரண்டு காணொளிகளில் விசில்தான் கேட்டது. மெட்டு தெரியும், அதற்குக் கீழே ஓடும் கம்பிகள் என்ன சொல்கின்றன என்று தெரியாது.

"அண்ணே, கிதாரு?" என்று அஹ்சன் கை நீட்டினார். "'கடைசி'ய வாசிச்சிப் பாக்கிறேன். தப்பா வந்தா யாரும் அடிக்கக் கூடாது."

அப்போது வேலாயுதத்தின் மனைவி சாமுண்டீஸ்வரி எழுந்தார். 

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். அதுல கைய வச்சித் திருகிடாதீங்க. அவரே வச்சிட்டுப் போயிருக்காரு."

சாமுண்டி அஹ்சனைப் பார்த்தே தொடர்ந்தார்.

"போறதுக்கு ஒம்போது நாளு முன்னாடி, உக்கார வைக்கச் சொன்னாரு. கிதார மடியில வச்சேன். விரலுக்குத் தெம்பில்ல. ஒரு கம்பிய முறுக்குவாரு, சாஞ்சிக்குவாரு, கண்ண மூடுவாரு. மறுபடி ஒண்ணு. மத்தியானம் ஆரம்பிச்சி வெளக்கு வைக்கிற நேரம் ஆயிருச்சி. எதுக்குங்க இப்படி ஒடம்ப வருத்திக்கிறீங்கன்னு கேட்டேன். 'அஹ்சன்கிட்ட சொல்லியிருக்கேன் சாமு'ன்னாரு. அதுக்கப்புறம் அவரு அதத் தொடல. நானும் தூசிகூடத் தட்டல. அப்படியேதான் அண்ணன்கிட்டக் குடுத்தேன்."

பெட்டியைத் தூக்கிக் கொடுத்த அன்று சாமுண்டி இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அழகேசனிடம் கொடுத்த பொருளுக்குக் கீறல் விழாது என்பது அந்த வீட்டில் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமில்லை.

அழகேசன் எழுந்தார். பெட்டி சாய்ந்து விழுந்தது. அவர் அதை நிமிர்த்தக்கூட இல்லை.

"நான் கம்பிய மாத்திட்டேன்."

யாருக்கும் புரியவில்லை.

"நேத்துக் காலைல மாத்திட்டேன், சாமுண்டி. எப்பவும் செய்யற மாதிரி... நாளைக்கிக் கச்சேரின்னு நெனச்சிக் கை பாட்டுக்குச் செஞ்சிருச்சி. கழட்டறப்போ ஒரு தடவ மீட்டிக்கூடப் பாக்கல. பழசத் தூக்கிக் குப்பைல போட்டுட்டேன்."

அங்கமுத்துதான் முதலில் வாய் திறந்தார். எழுபது வயதிலும் டிரம் அடிக்கிற குரல். "என்ன காரியம்டா பண்ணிவச்சிருக்க! ஒனக்கு அறிவு கிறிவு இருக்கா இல்லையா? அவன் சாவறப்போ வச்சிட்டுப் போனதுடா அது!"

"தெரியாதுடா."

"தெரியாதுன்னா? நாப்பத்தஞ்சு வருசம் கூடவே சுத்துனவன் நீ! ஒனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"விடுங்கண்ணே" என்றார் அஹ்சன். அவர் முகமும் வெளுத்திருந்தது. சாமுண்டி மெதுவாக உட்கார்ந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, படத்தைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் அழகேசனுக்குத் தாங்கியிருக்கும்.

அஹ்சன் கிதாரை எடுத்து, தனக்குத் தெரிந்த சுருதிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் ஒரு கட்சி. "இதேதான்" என்றார் ஒருவர். "போ லா, இது வேற எங்கயோ போகுது" என்றார் இன்னொருவர். ரஞ்சன் ஒரு சுரத்தை முனகிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர் வேறொன்றை முனகினார். இத்தனை வருடம் கேட்டவர்கள், ஆளுக்கொன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கால் மணி நேரத்தில் அறை சோர்ந்துவிட்டது. அஹ்சன் கம்பிகளைப் பழையபடி சாதாரண சுருதிக்கே கொண்டுவந்து, கிதாரைப் பெட்டிமேல் வைத்தார்.

"இந்தாடா, மூட்டயக் கட்டு" என்றார் அங்கமுத்து. கோபம் போய்க் குரலில் அலுப்புதான் மிச்சம் இருந்தது. "எல்லாம் முடிஞ்சிச்சி. சீக்கிரம் கட்டு லா, கடைசி பஸ் போயிரும்."

ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் அங்கமுத்து சொல்கிற வார்த்தைதான் அது. மணி நாலரை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. பழக்க தோஷத்தில் அவருக்கும் வாயில் வந்துவிட்டது.

அழகேசன் கிதாரை எடுத்து, ஆம்புக்குப் பின்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கிதாரின் கழுத்தை இடது பக்கம் சாய்த்துத் தொடையில் வைத்தார். இடது கை தானாகத் திருகுகளுக்குப் போனது. அப்போதுதான் விளங்கியது.

தளர்ந்த கம்பியோடு பெட்டியில் வைத்தால் கிதாரின் கழுத்து வளைந்துவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னதை அவர் வேதமாக நம்பினார். அதனால் 'கடைசி' முடிந்து வேலாயுதம் கிதாரைத் தந்ததும், பெட்டியில் வைப்பதற்கு முன் கம்பிகளைச் சாதாரண சுருதிக்குத் திருப்புவார். எது எவ்வளவு என்று யோசித்ததே இல்லை. அங்கமுத்து பஸ் பஸ் என்று நச்சரிக்க, அவர் பதிலுக்கு ஏதாவது சொல்ல, விரல் பாட்டுக்குத் திருகும். அந்தத் திருகலை அப்படியே தலைகீழாகச் செய்தால் வேலாயுதத்தின் சுருதி வந்துவிடும்.

"அங்கமுத்து, இன்னொரு வாட்டி சொல்லுடா."

"என்னத்த?"

"பஸ்ஸுன்னு திட்டுனல்ல. திட்டு. நிறுத்தாம திட்டு."

அங்கமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவர் விரல்களைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருடம் ஒன்றாக வேலை செய்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"என்னடா இன்னும் ஒக்காந்திருக்க? அந்தப் பொட்டிய என்ன பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போற, இம்புட்டு அலங்காரம் பண்ற? டாக்சிக்கு ஒங்கப்பனா குடுப்பான்?"

"குடுப்பாரு. ஒன்ன மட்டும் ஏத்த மாட்டாரு." அழகேசன் கண்ணை மூடிக்கொண்டார். ஆறாவது கம்பியின் திருகு விரலில் பட்டது. வழக்கமாக அதை ஏற்றுவார், ஒன்றரைச் சுற்று. ஆகவே இப்போது ஒன்றரைச் சுற்று இறக்க வேண்டும். ஐந்தாவது, முக்கால். நான்காவதை விரல் தொடாமலே தாண்டிப் போனது.

"டிரம்மத் தூக்கறவன் நான், எனக்கு முன்னாடி நீ போய் சீட்டு புடிச்சிருவ!"

"ஒன் டிரம்மு உருண்டு தானாவே ஏறிரும், போடா."

இரண்டாவதையும் தாண்டியது. முதல் கம்பி, முழுசாக ஒரு சுற்று. மூன்றாவதில் வந்து விரல் தடுமாறியது. பழைய வருடங்களில் அதை அரைச் சுற்று இறக்குவார். பிறகு அந்தக் கம்பி அடிக்கடி அறுகிறதே என்று வேலாயுதம் ஏதோ மாற்றிக்கொண்டார். கடைசிக் கச்சேரிகளில் அதைத் தொட்டோமா இல்லையா? அங்கமுத்து திட்டிக்கொண்டே இருந்தார். குரல் உடைந்து போயிருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாவது கம்பி மட்டும் திரும்பி வரவில்லை.

அழகேசன் கண்ணைத் திறந்து கிதாரை அஹ்சனிடம் நீட்டினார். "மூணாவது மட்டும் சந்தேகம் தம்பி."

அஹ்சன் வாங்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பினார். பிறகு, தான் எதற்குத் திரும்பினோம் என்று நினைத்தவர்போல மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். விரல் வைக்காமல் ஆறு கம்பியையும் ஒரு தடவை வருடினார்.

அழகேசனுக்கு அது ஏதோ தூரத்துச் சத்தம்போலத்தான் கேட்டது. அவர் சாமுண்டியின் முகத்தைப் பார்த்தார். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது வருடம் அதைக் கேட்டவர் அவர்தான். சாமுண்டி தலையை அசைத்தார். இல்லை.

அஹ்சன் மூன்றாவது கம்பியை ஒரு மயிரிழை ஏற்றினார். மறுபடி வருடினார்.

"இன்னும் கொஞ்சம்."

வருடினார்.

"ஐயோ, கூடிப்போச்சு தம்பி. எறக்குங்க... அங்க. இல்ல, அதுக்கு முந்தி." சாமுண்டி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "கிட்ட வந்திருச்சி. அவரு வச்சது இன்னும் ஒரு மாதிரி... எனக்குச் சொல்லத் தெரியல அண்ணே. இதுக்கு மேல எனக்கும் தெரியல."

ரோஷினி தைலக் குப்பியை எடுத்து அஹ்சனின் சுண்டுவிரலில் மாட்டினாள். அவர் வாசித்தார். நல்ல வாசிப்புதான். மெட்டு தெரிந்தது, கீழே ஓடும் கம்பிகளும் கூடவே வந்தன. மூன்றாவது கம்பி வருகிற இடங்களில் மட்டும் எல்லோருக்கும் ஏதோ நெருடியது. பாதிக்கு மேல் போனதும் அஹ்சனால் முடியவில்லை. குப்பியைக் கம்பிமேலேயே வைத்தபடி குனிந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. கீழே தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் மட்டும் மேலே வந்தது.

சாமுண்டி எழுந்து வந்து அழகேசனுக்குப் பக்கத்தில் நின்றார், அவருக்குக் கேட்கிற வலது காதுப் பக்கமாக. "அவரு வச்சது போயிருச்சி அண்ணே. இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பத்தொம்போது நாளா அது ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க வேணும்னு செய்யல."

அழகேசன் தலையாட்டினார். 

கூட்டம் இரண்டிரண்டு பேராகப் படியிறங்கியது. அங்கமுத்து வாசலில் நின்று காத்திருந்தார். இந்த முறை அவசரப்படுத்தவில்லை. அழகேசன் கிதாரை வாங்கித் துணியால் துடைத்தார். தைல வாசனை அடித்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுத்தைத் தொடையில் சாய்த்ததும், இடது கை பழக்கத்தில் ஆறாவது திருகுக்குப் போய்விட்டது. ஏற்ற வேண்டும், ஒன்றரைச் சுற்று.

கையை எடுத்துக்கொண்டார். கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு, கிதாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"கழுத்து வளஞ்சிரும்டா" என்றார் அங்கமுத்து.

"வளையட்டும்."